சுங்கை சிப்புட் பக்கம் வௌவால்களை அடையாளம் காண்பது எப்படி?

வணக்கம் சகோதரி. படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறீர்கள். 12 வயது மகள் நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொண்டு மாலையில் வௌவால்களைக் கவனிக்கிறாள். இதுவரை நான்கு குறிப்புகள் எழுதியிருக்கிறாள். காலையில் வீட்டு முன்வாசலில் சக்கையும் கொட்டையும் கிடக்கின்றன. மாலை ஏழேகால் மணிவாக்கில் தோட்டத்துப் பழைய மண்டபக் கூரையிலிருந்து சிறிய வௌவால்கள் சீறிக்கொண்டு வெளியே வருகின்றன. ஒரு நாள் இருட்டிய பிறகு, மிகப் பெரிய வௌவால்கள் நான்கு உயரத்தில் வரிசையாகக் கடந்து போயின. தெருவிளக்கைச் சுற்றி எப்போதும் ஏதோ ஒன்று பறக்கிறது. இவற்றின் பெயர் என்ன, வேறு எங்கே போய்ப் பார்க்கலாம், நோய் வரும் என்று மாமியார் பயப்படுகிறாரே அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன்தான். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தில் மாலை வேளைகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பறவை பார்க்கிற பழக்கத்தோடு வௌவாலைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். பறவைக்கு நிறம் உண்டு, அலகு உண்டு, பாட்டு உண்டு. வௌவாலோ இருட்டில் ஓடும் ஒரு நிழல். தீபகற்ப மலேசியாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. ஆகவே மிருகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது தங்கும் இடத்தைப் பாருங்கள், வெளியே வரும் நேரத்தைப் பாருங்கள், கீழே தரையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. உங்கள் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த மூன்றையும் எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, முன்வாசலுக்கு வருவோம். அந்தச் சக்கையை ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். வெற்றிலைச் சக்கை போல அழுத்திப் பிழிந்த நார் உருண்டையாக இருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு நாரைத் துப்பியிருக்கிறது. கூடவே வாதுமைக் கொட்டையோ ஜம்புக் காய்த் துண்டோ கிடந்தால் சந்தேகமே வேண்டாம், அது குறுமூக்குப் பழ வௌவால். இது காய்க்கும் மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. அங்கே ஆந்தை வரும், பாம்பு வரும். அதனால் பழத்தைக் கவ்விக்கொண்டு பாதுகாப்பான ஓரிடத்துக்குப் போய், ஒரு காலால் தொங்கியபடி நிதானமாகத் தின்னும். உங்கள் வீட்டுத் தாழ்வாரம் அதற்கு வசதியான சாப்பாட்டு மேசை. தங்குமிடம் வேறு. பகலில் பெரும்பாலும் பனை வகை மரங்களின் ஓலைக்கு அடியில் நாலைந்து சேர்ந்து தொங்கும். சில நேரம் விசிறி ஓலையின் நரம்புகளை ஆண் வௌவாலே கடித்து மடக்கிக் கூடாரம் மாதிரி ஆக்கிக்கொள்ளும். ஓலையின் ஓரம் இயல்புக்கு மாறாகத் தொங்கிக்கொண்டிருந்தால், சத்தமில்லாமல் அடியில் போய் நின்று பாருங்கள். நாய்க்குட்டி முகம், பெரிய கண்கள், காது விளிம்பிலும் இறக்கையின் விரல் எலும்புகளிலும் வெளிறிய கோடு. ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் மயிர், சால்வை போர்த்தியது போல இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறுமூக்குப் பழ வௌவாலிலேயே நம் பக்கம் மூன்று வகை இருக்கின்றன. முன்கை எலும்பை அளந்து, பல்லைப் பார்த்துத்தான் அவற்றைப் பிரிக்க முடியும். கையில் பிடிப்பது ஆய்வாளர் வேலை, அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும். நான் ஒரு காலத்தில் கோயில் பக்கத்து விசிறிப்பனையில் தொங்கியவற்றுக்குத் துணிச்சலாக ஒரு வகைப் பெயரை எழுதி வைத்திருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, ‘குறுமூக்குப் பழ வௌவால்’ என்று மட்டும் எழுதினேன். உங்கள் மகளுக்கும் அந்த அளவு போதும்.

இவற்றை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் செரி மரத்தடிக்குப் போங்கள். சாலையோரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பழம் பழுக்குமே, அந்த மரம்தான். இருட்டி அரை மணி நேரம் கழித்து அதன் கீழே நின்றால், தலைக்கு மேலே இறக்கை அடிக்கிற சத்தம் காதிலேயே கேட்கும். பழ வௌவால் பெரும்பாலும் பூச்சி வௌவாலைப் போல வாயால் மீயொலி எழுப்பி வழி தேடுவதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிறது. ஆனால் குறுமூக்குப் பழ வௌவால் இருட்டில் இறக்கையாலேயே ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஒலி எழுப்புவதைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது மண்டபக் கூரை. இதை எழுதுகிறபோதே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் பட்டணத்துக் கடைவீதி மாடிகளில் வாலெட் குருவி வீடுகள், அதாவது கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடங்கள், இருக்குமே? ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் கீச்சொலி போட்டுக் குருவிகளைக் கூப்பிடுவார்கள். அந்தக் குருவிக் கூட்டத்தை வௌவால் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். வேறுபாடு எளிது. குருவி இறக்கையை விறைப்பாக நீட்டிக் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் அடிக்கும். வௌவால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும், திடீர் திடீரென்று திசை மாறும். நேரமும் உதவும். அந்தி நேரத்தில் குருவி கட்டடத்துக்குள் போகும், வௌவால் வெளியே வரும்.

உங்கள் மகள் பார்த்தவை வெளியே வந்தவை. கூரை இடுக்கிலிருந்து, வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பியது போலப் புறப்பட்டு, கூரை உயரத்துக்கு மேலே அகலமாக வட்டமடிக்கும் வௌவால் என்றால், பெரும்பாலும் ஆசிய வீட்டு வௌவால்தான். வயிற்றுப் பக்கம் மஞ்சள் கலந்த பழுப்பு, சில வகைகளுக்கு மூக்கின் மேல் இருக்கும் இலை வடிவச் சதை இதற்குக் கிடையாது, எடை 20 கிராம் அளவு. கூரை கிடைக்காத இடத்தில் இது பனை மரங்களின் காய்ந்து தொங்கும் ஓலை மடிப்புகளில் தங்கும். கூரைக்கு நேர் கீழே சுவரோரம் பாருங்கள். எலிப் புழுக்கை மாதிரி கறுப்பாக வௌவால் எச்சம் கிடக்கும். விரலால் வேண்டாம், குச்சியால் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்து மினுமினுக்கும். அது பூச்சிகளின் ஓடும் இறக்கையும். எலிப் புழுக்கை அப்படி உதிராது. மண்டபத்தில் திருமண வேலை வரும்போது இவற்றைப் புகை போட்டு விரட்டச் சொல்வார்கள். குட்டி போட்டிருக்கும் காலத்தில் அப்படிச் செய்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். அவசியம் அடைத்தே ஆக வேண்டுமென்றால், குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, இரவில் எல்லாம் வெளியே போனதும் இடுக்கை அடைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது குறிப்பைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உயரத்தில், நிதானமாக, காகம் போல ஒரே சீராக இறக்கை அடித்து, நேர்கோட்டில் போகும் பெரிய உருவம் என்றால் அது கெலுவாங்தான். மலாயாப் பெரும் பழந்தின்னி வௌவால். உலகிலேயே மிகப் பெரிய வௌவால்களில் ஒன்று. இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும், எடை ஒரு கிலோவை எட்டும். ஜொகூரில் உள்ள குளுவாங் பட்டணத்துக்குப் பெயரே இதனால் வந்ததுதான். இதன் அறிவியல் பெயர் ‘டெரோபஸ் வேம்பைரஸ்’. அந்தப் பெயரைப் பார்த்து ரத்தம் குடிக்கும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு. இது பழமும் பூந்தேனும் தின்கிற சாதுவான பிராணி.

ஒரு சந்தேகத்தை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். அந்தி நேரத்தில் மரத்திலிருந்து மரத்துக்குப் போர்வை விரித்த மாதிரி சறுக்கிப் போவது கூபோங் என்ற வேறொரு மிருகம், அது வௌவாலே இல்லை. கூபோங் இறக்கை அடிக்காது, மேலே ஏறிப் பறக்கவும் முடியாது. உங்கள் மகள் பார்த்தவை அடித்துக்கொண்டு போனதால் கெலுவாங் என்றே எழுதலாம். நேரம், எண்ணிக்கை, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இவை ஒரே ஊரில் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது மலேசியா, சுமத்ரா, தாய்லாந்து என்று நாடு விட்டு நாடு போயிருக்கின்றன. பூக்கும் இடமும் பழுக்கும் இடமும்தான் அவற்றுக்கு வழி. ‘பழுத்த மரம் தேடும் வாவல்’ என்று நம் பழந்தமிழ்ப் பாட்டுகளில் வருவது இந்த இனத்துக்குத்தான் பொருத்தம். வாவல் என்பது வௌவாலின் பழைய பெயர். சின்னப் பூச்சி வௌவாலுக்குத் துரிஞ்சில் என்று தனிப் பெயரே தமிழில் உண்டு. இரண்டையும் உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

என் சின்ன வயதில் நூற்றுக்கணக்கில் போகப் பார்த்திருக்கிறேன். இப்போது நான்கு என்றால் பெரிய விஷயம். சுட்டுத் தின்றது ஒரு பக்கம், தங்கிய காடும் சதுப்பு நிலமும் போனது இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஆலமரத்து வௌவால் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நம்மவர்களுக்கு அந்த மனசு இல்லாமல் இல்லை. இங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டீர்கள். தூரம் போக வேண்டாம். செம்பனைத் தோப்பு மட்டும் இருக்கிற இடத்தில் வகை குறைவு. பழைய பால்மரம் (ரப்பர்), ஆற்றோரம், மூங்கில், பழத்தோட்டம் கலந்த இடத்தில் அதிகம்.

மூங்கில் புதரை லேசாக நினைக்காதீர்கள். தடித்த மூங்கிலில் ஒரு வண்டு வெளியேறும்போது நீளவாக்கில் ஒரு பிளவை விட்டுப் போகும். அரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதற்குள் புகுந்து கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் குடும்பமாகத் தங்குகிறது மூங்கில் வௌவால். எடை ஏறத்தாழ 4 கிராம், நம் 20 காசு நாணயத்தின் எடை. பிளவுக்குள் நுழைவதற்கென்றே மண்டை ஓடு தட்டையாக இருக்கும். வழுவழுப்பான மூங்கில் சுவரைப் பிடித்துக்கொள்ளக் கட்டைவிரலிலும் பாதத்திலும் மெத்தை போன்ற திண்டு இருக்கும். சூரியன் சாய்ந்ததும் மூங்கிலுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டிருங்கள். விதை தெறிப்பது போல ஒவ்வொன்றாக வரும். நான் முதல் தடவை எண்ணியபோது பதினொன்று. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வாழையிலும் பாருங்கள். இன்னும் விரியாமல் சுருண்டிருக்கும் குருத்து இலைக்குள் சில சிறு பூச்சி வௌவால்கள் பகலைக் கழிக்கும். இலை விரிந்துவிட்டால் வேறு குருத்து. வாழைப்பூ மடல் திறக்கும் இரவில் நீள நாக்குத் தேன் வௌவால் வரும், எடை ஏறத்தாழ இருபது கிராம்தான். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் அது பயப்படாது.

இடிந்த லயம், கைவிட்ட ஸ்டோர், சாலைக்கு அடியில் போகும் பெரிய லோங்காங் (வடிகால்) குழாய் ஆகியவற்றில் மூக்கின் மேல் இலை வைத்த வௌவால்கள் இருக்கலாம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும், உள்ளே போக வேண்டாம். இறக்கையால் உடம்பைப் போர்த்திக்கொண்டு தனியாகத் தொங்கினால் லாடமூக்கு வௌவால். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, இறக்கையை மடித்துத் தொங்கினால் பெரும்பாலும் இலைமூக்கு வகை. தரையில் வெட்டுக்கிளி, சில்வண்டு, விட்டில் இவற்றின் இறக்கைகள் மட்டும் குவிந்து கிடந்தால், மேலே பெரிய காதுள்ள பொய்க் குருதியுண்ணி வௌவால் சாப்பிட்டுப் போயிருக்கிறது. மிருகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பெயர் சொல்ல முடிகிறது, பாருங்கள்.

ஈப்போ பக்கம் போனால் சுண்ணாம்புக் குன்றுகள். குகை வாசலில், வெளிச்சம் படுகிற பாறையிலேயே நாலு காலையும் பரப்பி ஒட்டிக்கொண்டு, ஆள் நெருங்கினால் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து போவது கல்லறை வௌவால். ஆணுக்குத் தாடையில் கறுப்புத் தாடி தெரியும். அந்தியில் முதலில் வெளியே வருபவற்றில் இதுவும் ஒன்று. நீண்ட குறுகிய இறக்கையோடு உயரத்தில் வேகமாகப் போகும்.

குகையின் உட்புறத்தில்தான் என் மனசுக்கு மிக நெருங்கியது இருக்கிறது, குகைத் தேன் வௌவால். டுரியான் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் விரியும், புளித்த பால் போல வாசம் வரும், விடிவதற்குள் இதழெல்லாம் தரையில் உதிர்ந்து கிடக்கும். பகல் தேனீக்களுக்கு அதில் அதிகம் வேலையில்லை. இரவில் வந்து, முகமெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு, மரம் விட்டு மரம் போவது இந்த வௌவால்தான். சமையலுக்குக் காய் தரும் பெத்தாய் மரத்தின் உருண்டைப் பூவுக்கும் இதே கதை. பத்துமலைக் குகையில் தங்கியவை எங்கே போய்ச் சாப்பிடுகின்றன என்று 1970களில் ஆராய்ந்தார்கள். குகைத் தரையில் விழுந்த எச்சத்தில் கடலோரச் சதுப்பு மரத்தின் மகரந்தம் இருந்தது. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் பறந்து போய்த் தின்றுவிட்டு வந்திருக்கிறது. அதாவது ஒரு குன்றை உடைத்துக் கல்லாக விற்றால், அங்கிருந்து எவ்வளவோ தூரத்தில் இருக்கிற ஒருவரின் டுரியான் தோட்டத்தில் காய்ப்பு குறையலாம். அவருக்கு ஏன் என்றே தெரியாது. தியோமான் தீவில் மரத்தில் கேமரா வைத்துப் பார்த்தபோது, அங்குள்ள பெரும் பழந்தின்னி வௌவாலும் டுரியான் பூவைச் சிதைக்காமல் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பது தெரிந்தது. பூவைத் தின்று கெடுக்கிறது என்றுதான் அதுவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். பழத்தோட்டத்தில் மெல்லிய நைலான் வலை கட்டி வௌவாலைச் சிக்கவைப்பவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். சிக்கிய இறக்கை கிழிந்து, அது விடிய விடியக் கத்திச் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மாமியாரின் பயம். அவர் சும்மா பயப்படவில்லை. நிப்பா என்ற கிருமி நோய் வந்தது நம் பேராக் மாநிலத்தில்தான். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. முதலில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். 1999 மார்ச்சில்தான் புதுக் கிருமி என்று தெரிந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்றார்கள். அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் பெரும் பழந்தின்னி வௌவால்கள்தான். ஆனால் அன்று மனிதர்களுக்கு வந்தது பன்றிகளிடமிருந்து. தொழுவத்துக்குப் பக்கத்திலேயே மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழுந்தது. 1999க்குப் பிறகு மலேசியாவில் அந்த நோய் மறுபடி பரவவில்லை.

ஆகவே பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். தலைக்கு மேலே பறப்பதைப் பார்ப்பதால் எதுவும் வராது. முடியில் வந்து சிக்கும் என்பதும் உண்மையில்லை, கொசுவைத் துரத்தி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் கடிபட்ட பழத்தை, எவ்வளவு நல்ல மாங்காயாக இருந்தாலும், தின்னவே கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடக் கூடாது. ஒருவேளை கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். முன்வாசலைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், தூசி கிளம்பாது. குகைக்குள்ளே பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். எச்சம் மண்டிய தரையில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். வாசலோடு நின்றாலே பார்க்க நிறைய இருக்கிறது.

கடைசியாக அந்தத் தெருவிளக்கு. அதைச் சுற்றுவது எது என்று என்னால் சொல்ல முடியாது. வேறு யாரும் கீழே நின்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சிறு பூச்சி வௌவால் வகைகள் அவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன. பேட் டிடெக்டர் என்று ஒரு கருவி உண்டு. நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும்படி மாற்றித் தரும். ஒவ்வொரு வகையும் ஒவ்வோர் அலைவரிசையில் கத்துவதால் அதை வைத்துக் கொஞ்சம் நெருங்கலாம். பகாங்கில் உள்ள கிராவ் காப்பகத்தில் ஒரே மாதிரித் தெரிந்த இலைமூக்கு வௌவால்களில் சில 131 கிலோஹெர்ட்ஸிலும் சில 142 கிலோஹெர்ட்ஸிலும் கத்துவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது அவை இரண்டு வேறு இனங்கள் என்று தெரிந்தது. கையில் பிடித்து அளந்தவர்களுக்கே ஒன்றாகத் தெரிந்தவை அவை.

அதனால் நோட்டுப் புத்தகத்தில் அந்த வரிசைக்கு நேராகப் பெயர் எழுதாமல் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘சிறு பூச்சி வௌவால், ஒன்று, தெருவிளக்கு, இரவு 7.40, மழை விட்ட பிறகு.’ மறுநாள் அதே நேரத்தில் வருகிறதா, நிலா வெளிச்சத்தில் வருகிறதா, விளக்கு எரியாத நாளில் எங்கே போகிறது என்றும் பார்க்கட்டும். மூங்கில் பக்கம் போனால் எத்தனை எண்ணினாள் என்று எனக்கு எழுதுங்கள்.